மூட்டின் இலக்கணம்

கணிப்பொறித் திரையில் மனித உருவில் ஓர் எந்திரத்தை அமைத்து நடமாடவிடும் கலை இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எட்டும் கலையாகிவிட்டது. அதற்குரிய மென்பொருள்களுள் ஒன்றாகிய பிளெண்டர், பொதுமக்கள் ஏழு வாரங்களில் திரட்டிக் கொடுத்த ஒரு லட்சம் யூரோவைக் கொண்டு விடுவிக்கப்பெற்று, 2002ஆம் ஆண்டு முதல் எவரும் விலையின்றிப் பயன்படுத்தும் பொதுச் சொத்தாக இருந்து வருகிறது. நம் சங்கத்துக் குடும்பங்களிலும் பள்ளி விடுமுறையில் இக்கலையில் இறங்கியுள்ள சிறுவர் சிறுமியர் சிலரை நான் அறிவேன். எந்திர உறுப்புகளைத் திரையில் வடிவமைப்பதே எனக்குத் தொழிலாதலால், அவர்கள் தம் படைப்புகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. முகமும் மார்புக் கவசமும் கண்ணில் எரியும் விளக்கும் வெகு நேர்த்தியாக இருக்கும். கையை உயர்த்தச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். தோள் கழுத்துக்குள் புகும். முழங்கை ரப்பர்க் குழாயைப் போல நெளியும். முழங்கால் இரு பக்கமும் மடங்கும்.

திரையின் உலகத்தில் பொருளுக்குக் கனமில்லை. ஒன்றை ஒன்று தடுப்பதுமில்லை. இரும்பு இரும்புக்குள் நுழைந்து மறுபுறம் வெளிவரும். கணிப்பொறி அதற்காக வருந்தாது. ஆகவே, மெய்யுலகம் தானாக விதிக்கும் தடைகளை அங்கே வடிவமைப்பவனே விதிக்க வேண்டியிருக்கிறது. பல ஆண்டுத் தொழிலில் நான் தெளிந்தது இதுதான்: ஒரு மூட்டு எவ்வளவு அசைகிறது என்பதைக் காட்டிலும், அது எங்கே நிற்கிறது, எதனால் நிற்கிறது என்பதைக் கொண்டே பார்ப்பவர் மனம் அதனை நம்புகிறது.

நம் உடம்பையே முதலில் எடுத்துக்கொள்வோம். முழங்கை கதவுக் கீலைப் போன்றது. நீட்டிய நிலையிலிருந்து ஏறக்குறைய 145 பாகை வரை மடங்கும். திரும்ப நீட்டினால் நேர்கோட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். முன்கை எலும்பு ஒன்றின் கொக்கி போன்ற மேல்முனை, மேற்கை எலும்பின் பின்புறத்துக் குழியில் சென்று பொருந்தித் தடுப்பதே அதற்குக் காரணம். உள்ளங்கையைத் திருப்புவது மணிக்கட்டின் வேலை என்றெண்ணி, புதியவர்கள் மணிக்கட்டில் ஒரு சுழல் வைத்துவிடுவார்கள். உண்மையில், முன்கையின் இரண்டு எலும்புகளுள் ஒன்று மற்றொன்றின்மேல் குறுக்காகப் புரள்வதனாலேயே உள்ளங்கை திரும்புகிறது. எனவே அச்சுழலுக்கு உரிய இடம் முன்கை. தோளின் கதை இன்னும் நுட்பமானது. கையைத் தலைக்குமேல் 180 பாகை உயர்த்துகையில், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, தோள்பட்டை எலும்பு முதுகின்மேல் நகர்வதால் கிடைப்பது. பந்தும் கிண்ணமுமாக ஒரே மூட்டை வைத்துவிட்டு முழு உயரத்தையும் அதனிடமே கேட்டால், கை கழுத்துக்குள் புகாமல் என்ன செய்யும்? காறையெலும்பு இருக்கும் இடத்தில் இன்னொரு மூட்டு வைத்தால் அத்தொல்லை தீரும்.

ஆயினும் எலும்பை அப்படியே இரும்பில் வார்த்துவிட முடியாது. பந்துக் கிண்ண மூட்டை எல்லாத் திசையிலும் இயக்க உடம்புக்குத் தசைகள் உண்டு. எந்திரத்துக்கோ மோட்டார்தான் உண்டு. அதனால் எந்திர மனிதனின் தோளில், ஒவ்வோர் அச்சுக்கும் ஒன்றாக மூன்று மோட்டார்களை அடுத்தடுத்து அமைத்து, மூன்று அச்சுகளும் ஒரே புள்ளியில் சந்திக்குமாறு செய்வது வழக்கம். மோட்டாரோ வேகமாகச் சுழல்வது. மூட்டுக்கு வேண்டுவது மெதுவான, வலுவான திருப்பம். 1950களில் அமெரிக்கரான வால்ட்டன் மஸ்ஸர் கண்ட ஒரு பல்சக்கர அமைப்பு இங்கே கைகொடுக்கிறது. வளைந்து கொடுக்கும் மெல்லிய உலோகக் கிண்ணம் ஒன்று, வெளிவளையத்தின் பற்களோடு சிறிது சிறிதாகப் பொருந்திச் சென்று, நூறு சுற்றை ஒரு சுற்றாகக் குறைத்துவிடும். அதற்கு ஒரு தடித்த தட்டின் அளவு இடமே போதும். இன்றைய எந்திர மனிதர்களின் தோளிலும் முழங்காலிலும் சிறு முரசு போன்ற உருளை வடிவம் காணப்படுவது இது போன்ற அமைப்பும் மோட்டாரும் உள்ளே இருப்பதனால்தான். திரையில் வரைகிறவர் அந்த முரசுக்கு இடம் விட்டு, மின்கம்பி செல்ல அதன் நடுவே ஒரு துளையும் வைத்துவிட்டாரானால், உள்ளே ஏதும் வரையாமலே நம்பிக்கை பிறந்துவிடும்.

எல்லை என்பது மனித எல்லையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 2000ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் வெளியிட்டு 2022இல் ஓய்வு கொடுத்த அசிமோ, முழங்காலைச் சற்றே மடக்கியபடியேதான் நடந்தது. கால் முழுதும் நீண்டுவிட்டால் கணக்கு இடறும் என்பதே அதற்குக் காரணம். 2024 ஏப்ரலில் பாஸ்டன் டைனமிக்ஸ் காட்டிய மின்சார அட்லஸோ, மனிதருக்கு இயலாத வகையில் கால்களை மடக்கித் தரையிலிருந்து எழுந்தது. பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள், ஆனால் பொய் என்று தள்ளவில்லை. அவ்வாறு திரும்புவதற்கு வழிவிட்ட மூட்டுகள் அதன் உடலில் வெளிப்படையாகத் தெரிந்தன.

இவையெல்லாம் நூல்களிலும் தொழிலிலும் கற்கக்கூடியவை. நூலில் காணாத ஒரு பாடம் எனக்கு என் வீட்டிலேயே கிடைத்தது. என் தந்தையார், நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். தாயாரோடு மும்பைக்கு எங்களிடம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்தியும் மராத்தியும் அறியாதவருக்கு இந்நகரில் பேச்சுத் துணை குறைவு. பகலெல்லாம் பலகணியே கதி என்றிருப்பார். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் எந்திர மனிதனைக் கொண்டுவந்து காட்டியபோது, அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகில் வந்து நின்றார்.

“தம்பி, முழங்கையிலே இந்தப் பின்னை எந்தப் பக்கமா உருவுவே?” என்று கேட்டார்.

“கம்ப்யூட்டர்லே உருவ வேண்டியதில்லே, தாத்தா.”

“உருவ முடியாத பின்னை மாட்டினது எப்படி?”

பையன் விழித்தான். தந்தையார் உள்ளே சென்று என் தாயாரின் பாக்குவெட்டியை எடுத்துவந்தார். ஒரு தகடு மற்றொன்றின்மேல் படிந்திருப்பதையும், இரண்டையும் ஓர் ஆணி ஊடுருவி நிற்பதையும், அலகும் அலகும் சேர்ந்தபின் பிடி அதற்குமேல் நெருங்காததையும் அவன் கையிலேயே கொடுத்துக் காட்டினார். பிறகு பிட்டரின் இலக்கணத்தை விரல்விட்டு எண்ணினார். ஓர் உறுப்பு கவையாகப் பிளந்திருக்க, மற்றது நாக்காக அதற்குள் நுழைய வேண்டும். இரண்டுக்கும் நடுவே தேயாமலும் ஆடாமலும் இருக்குமளவு இடைவெளி வேண்டும். எண்ணெய் போக வழி வேண்டும். ஸ்பேனர் பிடித்த கை திரும்ப இடம் வேண்டும். அந்தப் பையன் அடுத்த வாரம் திருத்திக் கொண்டுவந்த முழங்கையைப் பார்த்தவர் எவரும் அதைப் பொம்மை என்று சொல்லமாட்டார்கள். அன்று முதல் ஞாயிறுதோறும் இரண்டு மூன்று பிள்ளைகள் வருகிறார்கள். என்னைத் தேடி அல்ல, தாத்தாவைத் தேடி!

இனி முழங்கால். இது வெறும் கீல் அன்று. தொடை எலும்பு கீழெலும்பின்மேல் உருண்டும் வழுக்கியும் செல்வதால், மடங்க மடங்க அச்சே இடம் மாறுகிறது. 2009ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஜெய்ப்பூர்க் கால் அமைப்பினரோடு சேர்ந்து எண்ணெய் ஊறிய நைலானில் உருவாக்கிய செயற்கை முழங்கால், நான்கு இணைப்புகளைக் கோத்து இந்த இடமாற்றத்தை எட்டுகிறது. எந்திர மனிதன் படி இறங்கும் காட்சியை அமைப்பவர் வேறொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஏறுவது பளு தூக்குவது. இறங்குவது பளுவைத் தாங்கி மெல்ல விடுவது. இறங்கும்போது முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்டது. முழங்கால் தயங்கி மடங்காவிட்டால் அந்தச் சுமை திரையில் தெரியாது.

இதனை நான் தந்தையாரைப் பார்த்தே வரைந்தேன். எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி இல்லை; மூன்று மாடி. அவருடைய முழங்கால்கள் தேய்ந்து போனவை. கைப்பிடியைப் பற்றி, உடலைச் சிறிது பக்கவாட்டில் திருப்பி, வலி மிகுந்த காலை முதலில் இறக்கி, அடுத்ததை அதனோடு சேர்த்து, அதன்பிறகே அடுத்த படிக்குச் செல்வார். திரையில் அவ்வாறே எந்திர மனிதன் இறங்குவதைக் கண்டு, “இவனுக்கும் முட்டி வலியா?” என்று சிரித்தார். பிறகு நெடுநேரம் பேசாதிருந்தார்.

மாற்று மூட்டுப் பொருத்தலாம் என்று மருத்துவர் கூறி இரண்டாண்டுகள் ஆகின்றன. கத்தி வைப்பது என்றாலே பேச்சை மாற்றிவிடுவார். அன்று தாமாகவே, செயற்கை மூட்டின் உட்புறத்தைத் திரையில் காட்டச் சொன்னார். தொடைப்பக்கம் கோபால்ட் குரோமியக் கலப்பு உலோகம், கீழே உலோகத் தட்டு, நடுவே பாலிஎத்திலீன் மெத்தை. “இரும்புக்கு இரும்பு உரசாம நடுவுலே புஷ் வைச்சிருக்கான், வேலை தெரிஞ்சவன்” என்றார். எத்தனை ஆண்டு உழைக்கும் என்று வினவினார். பெரும்பாலானவை 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கின்றன என்றேன். மறுவாரம் மருத்துவரிடம் சென்றபோது, முட்டி எத்தனை பாகை மடங்கும், தரையில் சம்மணமிட முடியுமா என்று அவரே கேட்டார். சம்மணமிடுவது கடினம், படி இறங்கலாம் என்று விடை வந்தது. எல்லை இன்னதென்று தெரிந்தபின் அவருடைய அச்சம் பாதி குறைந்துவிட்டது. தீபாவளி கழித்து நாள் குறிக்கச் சொல்லியிருக்கிறார்.

இக்கலையில் இறங்கும் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவேன். மூட்டை வரையுமுன் உங்கள் கையை மடக்கிப் பாருங்கள். வீட்டிலுள்ள பாக்குவெட்டியையும் கத்தரிக்கோலையும் கதவுக் கீலையும் திருப்பிப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பாராயின், அவர் படி இறங்கும்போது உடன் சென்று பாருங்கள். அப்படியே கையையும் கொடுங்கள்.