மீட்டரிடமே கேட்போம்

கரண்ட் பில் கூடிவிட்டால் வீடுகளில் பழி முதலில் மிக்ஸி மேல்தான் விழும். "ஏன் தம்பி, இந்த மிக்ஸிதானே இப்படி இழுக்குது?" என்று வயரிங் வேலைக்குப் போன இடத்தில் கேட்பார்கள். அடியில் 750 வாட்ஸ் என்று எழுதியிருக்கும், சத்தமும் பெரிது. சந்தேகம் வருவது இயல்புதான். நான் பேப்பரும் பேனாவும் வாங்கி, அவர்களையே கணக்குப் போடச் சொல்வேன்.

வாட்ஸை மணியால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். மிக்ஸி தினம் 10 நிமிஷம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட்தான். ஹாலில் சுற்றும் 75 வாட்ஸ் ஃபேன் தினம் 16 மணி நேரம் ஓடினால் 72 யூனிட்! பில்லைத் தீர்மானிப்பதில் வாட்ஸுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு மணிக்கும் உண்டு.

எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. 1 ஹெச்பி மோட்டார் என்றால் 746 வாட்ஸ் என்போம். அது மோட்டார் வெளியே தரும் சக்தி. லைனிலிருந்து இழுப்பது 1000 வாட்ஸை ஒட்டி வரும். ஏசியில் சொல்லும் டன், குளிரூட்டும் அளவு. கரண்ட் அளவு இல்லை. ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடுவதால் வாட்ஸை 24 மணியால் பெருக்கினால் தப்பு. ஸ்டார் லேபிளில் இருக்கும் வருஷ யூனிட்டை ஆறால் வகுத்தால் இரண்டு மாதக் கணக்கு ஓரளவு பிடிபடும். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து 230-ஆல் பெருக்குவது அயர்ன் பாக்ஸுக்குச் சரி. மோட்டாருக்குப் பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் பெருக்காவிட்டால் விடை கூடுதலாகக் காட்டும்.

அதனால் எனக்குப் பிடித்த வழி, மீட்டரிடமே கேட்பது. எலெக்ட்ரானிக் மீட்டரில் சின்ன சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ அச்சிட்டிருப்பார்கள். அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அளக்க வேண்டிய ஒன்றை மட்டும் போடுங்கள். செல்போனில் நேரம் வைத்து எண்ணுங்கள். 3200 மீட்டரில் நிமிஷத்துக்கு 4 மினுக்கு வந்தால், நாலை 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுக்க 0.075 கிலோவாட், அதாவது 75 வாட்ஸ். சின்ன லோடு என்றால் ஐந்து நிமிஷம் எண்ணிச் சராசரி எடுப்பது நல்லது.

இப்படி நின்று எண்ணும்போதுதான் வீட்டின் உண்மை நிலவரம் தெரியும். விளக்கு, ஃபேன் எல்லாம் அணைத்த பிறகும் சிவப்பு மினுக்கும். தேடினால் பேட்டரி சார்ஜ் ஏற்றும் இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், வைஃபை ரூட்டர் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

செலவு செய்வதற்கும் இந்தக் கணக்கே வழிகாட்டும். 30 வாட்ஸ் பிஎல்டிசி ஃபேனை ஹாலில் மாட்டினால் இரண்டு மாதத்தில் 43 யூனிட் மிச்சம். தினம் மூன்று மணி நேரம் மட்டும் ஓடும் அறையில் அதே ஃபேன் மிச்சப்படுத்துவது 8 யூனிட். கையில் ஒரு ஃபேனுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எங்கே மாட்டுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

படிக்கிற பிள்ளையின் 9 வாட்ஸ் பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட்கூட ஆகாது. ஒழுகும் குழாயால் மோட்டார் தினம் அரை மணி கூடுதலாக ஓடினால் 30 யூனிட் போய்விடும். பிள்ளையைத் திட்டுவதை விட்டுவிட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள் என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லி வருகிறேன்.