எப்போது வருவாய் என்று கேளாத வீடு

பருத்தித்துறையிலிருந்து கடலோரச் சாலையில் மேற்கு நோக்கி வந்தேன். வல்வெட்டித்துறையை எட்டுமுன்னரே பட்டங்களின் விண்ணோசை காதில் விழுந்தது. அன்று தைப்பொங்கல். நான்கு ஆண்டுகளாக இவ்வோசையை நான் கேட்டதில்லை.

சீனத்தின் பூஜியன் மாகாணத்திலுள்ள சுவான்சௌ நகரில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். உத்தியோகமே என்னை அங்கு அழைத்ததாக ஊரார் எண்ணுவர். உண்மையில், காணி விடயமாக அக்காவுடன் எழுந்த மனத்தாங்கலே என்னை ஊரைவிட்டு அகற்றியது. அம்மா "போயிட்டு வா" என்றதோடு சரி. எப்போது வருவாய் என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை. அதனை அன்பின்மை என்றே கொண்டிருந்தேன்.

சுவான்சௌ தமிழருக்குப் புதிய ஊரன்று. அங்கு கிடைத்த சிவன் கோயிற் கல்வெட்டு 1281 ஆம் ஆண்டுக்குரியது. தமிழ் வரிகளின் கீழே சீன எழுத்தும் உண்டு. கையுவான் பௌத்த ஆலயத்தின் பின்புறத் தூண்களில் நம் புராணக் காட்சிகளைக் கண்டு மெய்சிலிர்த்தேன். கடலோடிகளைக் காக்கும் மாட்ஸு தேவியின் சந்நிதியிலோ, நம் முத்துமாரியம்மன் வாசலில் நிற்பதுபோன்ற உணர்வே உண்டாயிற்று.

அந்நகரை அடுத்த சுன்பு என்னும் மீனவர் குடியிருப்பில் சிப்பி ஓடுகள் பதித்த சுவர்களையுடைய வீடுகள் உள. பெண்கள் கொண்டையைச் சுற்றி மலர்வளையம் சூடுவர். அங்கே ஒரு மூதாட்டி என் தலையிலும் பூச்சூட்டி, "உன் தாய் நலமா?" என வினவினாள். உடன் வந்த மாணவி மொழிபெயர்த்தாள். என்னிடம் விடை இல்லை. அம்மாவின் கண்ணில் புரை அகற்றியதைக்கூட அயலார் சொல்லியே பின்னர் அறிந்தேன்.

பொங்கலன்று மாலை விறாந்தையில் அமர்ந்து, ஏன் கேட்கவில்லை என்று அம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

"கடலுக்குப் போனவையை எப்ப வருவியள் எண்டு கேக்கக் கூடாது, பிள்ளை. உன்ரை அம்மம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அப்பு ரங்கூனாலை வரும் வரைக்கும் விளக்கை மட்டும் கொளுத்தி வைப்பா."

இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்ததை இன்றும் பெருமையுடன் பேசுகிறோம். அதன் மாலுமிகளின் வீடுகளில் விளக்கேற்றிக் காத்திருந்தோரைப் பற்றி நான் விசாரித்ததேயில்லை.

அச்சமயம் அக்கா சர்க்கரைப் பொங்கலுடன் படியேறி வந்தாள். காணியைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அம்மாவின் கண்மருந்தை எவ்வெவ் வேளைகளில் விடவேண்டும் என்று கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.