வேலியிற் பொட்டு

மலருக்கு ஏதேனும் எழுதுக என்று நண்பர்கள் கேட்டபோது, கல்லூரி நினைவுகளைப் பிறர் எழுதுவர் என விட்டு, நோயைப் பற்றி எழுதத் துணிந்தேன். பசறைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளிற் பணியாற்றி இளைப்பாறியவன் நான். என்னோடு படித்தோர் பலருக்கும் இன்று இது பயன்படும் வயது.

என் இருதயத்தின் மேலறைகள் இடையிடையே ஒழுங்காகச் சுருங்காது நடுங்குகின்றன. அந்நடுக்கத்தைத் தூண்டும் மின்துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் நாளங்களுக்குள் எழுவதைப் பிரான்ஸின் போர்தோ நகர வைத்தியர்கள் 1998-இல் காட்டினர். தொடை நாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்நாளங்களின் வாயில்களைச் சுற்றிச் சூடிட்டுத் தழும்பால் வேலியடைக்கும் சிகிச்சை அதன்பின் வளர்ந்தது. கொழும்பில் எனக்கும் அது செய்யப்பட்டது. ஏழாம் வாரம் நடுக்கம் திரும்பியது. முதல் மூன்று மாதங்களில் வருவதைத் தோல்வியெனக் கொள்வதில்லை. புண் ஆறுங் காலத்துக் குழப்பம் அது என்றார்கள். எட்டாம் மாதமும் வந்தபோது அந்தச் சமாதானத்துக்கு இடமிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தார்க்கு விளங்கச் சொன்னால், வேலியில் எங்கோ பொட்டு விழுந்துவிட்டது.

நடுக்கம் வந்த நாளில் எங்கள் மலைப்படிகள் இரட்டிப்பாகத் தோன்றும். ஆயினும் படபடப்பினும் அஞ்சத்தக்கது வேறு. மேலறையிற் தேங்கும் குருதி உறைந்து மூளைக்குச் சென்றால் பாரிசவாதம். ஆகவே நாடி சீராக ஓடும் நாளிலும் வார்ஃபரின் மாத்திரையை நானாக நிறுத்துவதில்லை. வல்லாரைச் சம்பலை ஒருநாள் அள்ளி உண்டு மறுநாள் விட்டால் மருந்தின் வலு பிறழும். நாளும் ஏறக்குறைய ஒரே அளவு உண்ணலாம். குருதி உறையும் நேரத்தை அளப்பிக்கப் பதுளைக்குப் பஸ் ஏறுகிறேன். ஓய்வூதியக்காரனுக்கு அது ஒரு காலைப்பொழுது. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கோ ஒருநாட் சம்பளம். நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று சொல்லிச் சாயத்தேநீர் குடித்துவிட்டு மலைக்குப் போகிறவர்களை நான் அறிவேன்.

இந்நோய்க்கும் நம் மலைகளுக்கும் பழைய உறவொன்று உண்டு. 1912-இல் ஒல்லாந்த வணிகர் ஒருவர், காய்ச்சலுக்குரிய கொயினாவை உண்டு தம் குழம்பிய நாடியைத் தாமே சீராக்கி, வெங்கபாக் என்ற வைத்தியரை வியக்கவைத்தார். கொயினாவின் இனமான கினிடின் 1918 முதல் இந்நோய்க்கு மருந்தாயிற்று. கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்துக்காகவே, ஊவாவை நோக்கி நிற்கும் ஹக்கலைத் தோட்டம் 1861-இல் தொடங்கப்பட்டது.

இரண்டாம் முறை சூடிடலாம் என்கிறார் வைத்தியர். மனைவிக்கு விருப்பமில்லை. பொங்கல் கழிந்தபின் முடிவு சொல்வதாகக் கூறியிருக்கிறேன். அதுவரை நடுக்கம் வரும் நாளையும் நேரத்தையும் பழைய வரவு இடாப்பொன்றிற் குறித்து வருகிறேன்.