கோயில் வளவுப் பள்ளிக்கூடம்

யாழ்ப்பாணத்து இளவாலையில் வழி கேட்டால் இன்னும் கொன்வென்ற்றடி, ஹென்றீசடி என்றுதான் சொல்கிறார்கள். என்னை ஏற்றிவந்த ஓட்டோக்காரப் பெடியன் நான் கனடாவுக்குப் போன பிறகு பிறந்தவன். அவனுக்கும் அவைதான் அடையாளம். அரசாங்கம் பொறுப்பெடுத்து அறுபது வருடம் கடந்தும் ஊரின் வாயில் அவை சுவாமிமாரின் பள்ளிக்கூடங்கள்தான்.

இலங்கைக்கு அமலமரித் தியாகிகள் சபைச் சுவாமிமார் வந்தது 1847இல். திருக்குடும்பக் கன்னியர் 1862இல் வந்தார்கள். கோயில் எழும்பிய இடத்திலெல்லாம் பக்கத்தில் ஒரு ஓலைக்கொட்டிலும் எழும்பியது. ஞாயிறு ஞானோபதேசம், திங்கள் அரிச்சுவடி. கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கப் பள்ளி என்று விடாப்பிடியாக வாதாடியவர் பொஞ்சீன் ஆண்டகை. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் வந்து, மிஷன் பள்ளிகளுக்கு உதவிநன்கொடை முறையாகக் கிடைக்கத் தொடங்கியதும் கொட்டில்கள் கல்வீடாயின. எங்கள் புனித ஹென்றியரசர் கல்லூரி தொடங்கியது 1907இல்.

நன்கொடை மட்டும் போதுமா? அம்மம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து மூலையில் இருக்கும் முட்டிக்குள் போடுவா. முட்டியின் வாயைப் பழைய சேலைத் துண்டால் கட்டியிருக்கும். ஞாயிறு பூசைக்குப் போகும்போது அது கோயிலுக்குப் போகும். அவவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்த அரிசியில் தன் பிள்ளைகள் படிக்கினம் என்பது மட்டும் நல்லாகத் தெரியும்.

பழசை எல்லாம் பொன் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. பங்குச் சுவாமியார்தான் அந்நாளில் மனேச்சர். வாத்தியாரின் வேலையும் சம்பளமும் அவர் கையில். சுவாமியாரோடு முகம் கோணினால் வாத்தியார் மூட்டை கட்ட வேண்டியதுதான். சாதி வேறு. உதவிபெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கவேண்டும் என்று 1930ஐ ஒட்டி உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் எவ்வளவு எதிர்ப்பு! வேதக்காரரும் அதற்கு விலக்கில்லை.

1960இல் சிறிமாவோ அரசாங்கம் உதவிபெறும் பள்ளிகளைக் கையேற்றது. நாட்டின் பல இடங்களில் பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள் குடியேறி மறித்தார்கள். பெரிய கல்லூரிகள் சில கட்டணம் வாங்காத தனியார் பள்ளிகளாக நின்று தாக்குப்பிடித்தன. அவற்றுக்குத் தாங்கத் திருச்சபையும் பழைய மாணவரும் இருந்தார்கள். பங்குப் பள்ளிகளுக்கு அந்த வசதி ஏது? அவை அரசாங்கத்திடம் போயின. பலகையில் 'றோ.க.த.க. பாடசாலை' (றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன்) என்ற எழுத்துகள் மட்டும் மிச்சம். வாத்தியார்மாருக்கு அதில் நன்மையும் இருந்தது: மாதம் முடியச் சம்பளம், கேட்க ஒரு திணைக்களம்.

1990இல் போர் வர, எங்கள் வலிகாமம் வடக்கு எழும்பி ஓடியது. கட்டடங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட, பள்ளிகள் பலவும் வேறு பள்ளிகளின் கொட்டில்களில் பின்னேரம் நடந்தன. அந்த நாட்களில் நான் இங்கில்லை. அதைப் பற்றி உருகி எழுதும் உரிமை இங்கே இருந்தவர்களுடையது.

இப்போது ஹென்றீஸ் பெடியள் உதைபந்தில் பெயர் எடுக்கிறார்கள். வெளிநாட்டுக் காசும் வருகிறது. பழைய மாணவர் சங்கங்கள் இல்லாத நகரம் இல்லை. என் மருமகள் படிப்பிப்பதோ கரைப்பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில். கோயில் வளவுக்குள் ஒற்றை மண்டபம், தட்டி வைத்துப் பிரித்த வகுப்புகள். ஒரு பக்கம் வாய்ப்பாடு சொன்னால் மறுபக்கம் தேவாரம் கேட்காது. சைவப் பிள்ளைகளும் அங்கேதான். வசதியான வீட்டுப் பிள்ளைகள் வான் பிடித்து ரவுணுக்குப் போய்விடுகிறார்கள்.

"உங்கட பள்ளி வாசலில் ஒரு வளைவு கட்டித் தரலாம் என்று எங்கட ஆக்கள் கதைக்கினம், பிள்ளை" என்றேன்.

"வளைவு ஏன் மாமா? மதில் இல்லாத பள்ளிக்கு வாசல் எங்க இருக்கு? கணக்குப் படிப்பிக்க ஒரு ஆளைப் பிடிச்சுத் தாங்கோ. பஸ் காசும் ஒரு சின்னச் சம்பளமும் குடுத்தால் பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒண்டு வரும்."

இரவே சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டேன். மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். நாலாவது ஆள் வளைவின் படத்தை அனுப்பி, யார் யாருடைய பெயர் எந்தத் தூணில் வரவேண்டும் என்று கேட்டிருந்தார்.