சுருதி மாறிய கிட்டார்கள்

ஒரு ராக் குழுவின் கிட்டார் வாசிப்பு ஆண்டுகள் செல்லச் செல்ல எவ்வாறு மாறியது என்று ஆராய்பவர்கள் வாசிப்பவரின் விரல்களையே முதலில் கவனிப்பது வழக்கம். ஆனால் நியூயார்க்கில் 1981இல் தோன்றி முப்பது ஆண்டுகள் இயங்கிய சோனிக் யூத் குழுவைப் பொறுத்தவரை, அந்த மாற்றத்தைத் தந்திகளை முறுக்கும் பிரடைகளிலிருந்து தொடங்கித்தான் புரிந்துகொள்ள முடியும். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராமல், சிறு நிறுவனங்களின் துணையோடு தங்கள் விருப்பப்படி இசை அமைத்த குழுக்களின் மரபு இண்டி ராக் எனப்படுகிறது. அம்மரபில் தர்ஸ்டன் மூர், லீ ரனால்டோ, கிம் கார்டன் ஆகியோரைப் போலக் கிட்டாரின் அடிப்படையையே கலைத்து அடுக்கியவர்கள் மிகச் சிலரே.

கிட்டாரின் ஆறு தந்திகளும் பொதுவாகத் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ என்ற சுரங்களுக்குச் சேர்க்கப்படுகின்றன. உலகெங்கும் கற்பிக்கப்படும் விரல் நிலைகளும், ஒரே நேரத்தில் பல சுரங்கள் ஒலிக்கும் கோர்வைகளாகிய கார்டுகளும் இந்தச் சேர்க்கையை நம்பியே அமைந்தவை என்பதால், சேர்க்கையை மாற்றினால் கற்ற வித்தையில் பெரும்பகுதி பயன்படாமல் போய்விடும். பல கிட்டார்களை ஒரே சுரத்துக்கோ மிக நெருங்கிய சுரங்களுக்கோ சேர்த்துப் பேரொலி எழுப்பிய இசையமைப்பாளர் கிளென் பிராங்காவின் குழுவில் மூரும் ரனால்டோவும் வாசித்திருந்தார்கள். அங்கே கேட்டதைத் தங்கள் பாட்டுக்குள் கொண்டுவர முயன்றபோது கையில் இருந்தவையோ வழக்கமான சுருதியில் நிலைத்து நிற்காத மலிவான கிட்டார்கள். நிற்காத சுருதியை வற்புறுத்துவதைக் காட்டிலும், அந்தக் கிட்டாருக்கு எந்தச் சுருதி பொருந்துகிறதோ அதையே ஏற்று, அதிலிருந்து பாட்டை உருவாக்குவது என்ற முடிவுக்கு வந்தார்கள். வறுமை தந்த இந்த வழியை அவர்கள் இறுதிவரை கைவிடவில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் மையம்.

1982இல் வெளிவந்த முதல் பதிவில் பெருமளவு வழக்கமான சுருதியே ஒலிக்கிறது. அடுத்த ஆண்டின் ‘கன்ஃப்யூஷன் இஸ் செக்ஸ்’ தொகுப்பின் காலத்தில் தந்திகளுக்கு அடியில் டிரம் குச்சியையும் திருப்புளியையும் செருகி, மணியோசையும் உலோக உரசலும் கலந்த ஒலிகளை எழுப்பினார்கள். இவ்வாறு ஒவ்வொரு கிட்டாரும் சில பாட்டுகளுக்கு மட்டுமே உரியதாகிவிட்டபடியால் மேடையில் பாட்டுக்குப் பாட்டு கிட்டாரை மாற்றவோ தந்திகளைத் திரும்பச் சேர்க்கவோ வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை நிரப்பக் குழுவினர் இணைப்பு இசையை வாசித்தார்கள். 1985இன் ‘பேட் மூன் ரைசிங்’ தொகுப்பில் பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து செல்வது இந்த நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்த அழகு.

அதே ஆண்டு டிரம் கலைஞர் ஸ்டீவ் ஷெல்லி சேர்ந்த பிறகு தாளம் உறுதிப்பட, கிட்டார்களுக்குச் சுதந்திரம் கூடியது. ‘ஈவால்’ (1986), ‘சிஸ்டர்’ (1987), இரட்டை இசைத்தட்டாக வந்த ‘டேட்ரீம் நேஷன்’ (1988) ஆகிய மூன்றும் இக்குழுவின் மிக வளமான காலத்தைச் சேர்ந்தவை என்று துணிந்து சொல்லலாம். ‘டேட்ரீம் நேஷன்’ தொகுப்பின் முதல் பாட்டான ‘டீன் ஏஜ் ரயட்’டுக்கு மூர் தம் தந்திகளை ஜீ, ஏ, பீ, டீ, ஈ, ஜீ என்று சேர்த்தார், ரனால்டோவின் கிட்டாரிலோ ஜீ, டீ ஆகிய இரண்டு சுரங்கள் மட்டுமே இரட்டை இரட்டையாக அமைந்தன. அதிர்வெண்ணில் மயிரிழை வேறுபாடுள்ள இரு தந்திகள் சேர்ந்து ஒலிக்கும்போது ஒலி ஏறி இறங்கித் துடிப்பதை இயற்பியல் நூல்கள் விம்மல் என்று அழைக்கின்றன. தம்புராவின் நாதத்தில் தோய்ந்த செவிக்கு, மீட்டாத நேரத்திலும் அடங்காமல் நிற்கும் இந்த முழக்கம் அந்நியமாகத் தோன்றாது. கிட்டாரின் தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பின்புறம், வழக்கமாக எவரும் தொடாத தந்திப் பகுதியையும் இவர்கள் தட்டி வாசித்தார்கள். ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் வகையில் அப்பகுதி நீளமாக இருந்ததும், பழைய ஜாஸ்மாஸ்டர்கள் அந்நாளில் குறைந்த விலைக்குக் கிடைத்ததும் இதற்குத் துணைநின்றன.

1990இல் ஒரு பெரிய நிறுவனத்தின் கிளை வழியாக ‘கூ’ வெளியானது. ‘டர்ட்டி’யை (1992) நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ தொகுப்பைத் தயாரித்த புட்ச் விக் தயாரித்தார்; அதில் கிட்டார்கள் கனமாக ஒலித்தாலும் அவற்றுக்கிடையே காற்று குறைவு. அந்தக் காற்றை மீட்டது ‘வாஷிங் மெஷின்’ (1995). கார்டன் பல பாட்டுகளில் தாழ்சுரக் கிட்டாரான பாஸை விடுத்து மூன்றாவது கிட்டாரை எடுத்துக்கொண்டதால் கீழ்த்தளம் விலகி ஒலிப்பரப்பு அகன்றது. அதன் இறுதிப் பாட்டான ‘தி டயமண்ட் சீ’ ஏறத்தாழ 20 நிமிடம் நீள்கிறது. பின்னர் மன்ஹாட்டனின் தென்பகுதியில், மர்ரி தெருவில் சொந்த ஒலிப்பதிவுக் கூடம் அமைந்ததும், வாடகைக் கூடத்தின் மணிக்கணக்கு இல்லாத ஓய்வு ‘எ தவுசண்ட் லீவ்ஸ்’ (1998) தொகுப்பின் நிதானமான, படர்ந்து செல்லும் வாசிப்பில் வெளிப்பட்டது.

1999 ஜூலையில் கலிஃபோர்னியாவில், குழுவின் கருவிகள் ஏற்றப்பட்டிருந்த வாகனம் திருடுபோனது. வேறொரு குழுவுக்கு இது பொருளிழப்பாக மட்டும் இருந்திருக்கும்; ஒவ்வொரு கிட்டாரும் ஒரு சுருதியாகவும், ஒவ்வொரு சுருதியும் சில பாட்டுகளாகவும் இருந்த இவர்களுக்கோ ஏறத்தாழ இருபது ஆண்டு நினைவின் பெரும்பகுதி ஒரே இரவில் பறிபோனது போன்றது. தந்தியை எந்தச் சுரத்துக்குச் சேர்ப்பது என்பதைக் குறித்து வைக்கலாம். ஒரு மலிவுக் கிட்டாரின் தளர்ந்த குதிரையும் விரல்பலகையின் தேய்ந்த மெட்டுகளும் சேர்ந்து உண்டாக்கிய ஓசையை எந்தக் குறிப்பிலும் எழுதி வைக்க முடியாது. கூடத்தில் எஞ்சியிருந்த பழைய கருவிகளைக் கொண்டு 2000இல் ‘என்ஒய்சி கோஸ்ட்ஸ் அண்ட் ஃபிளவர்ஸ்’ உருவானது. அத்தொகுப்பின் தயக்கத்தையும் வெறுமையையும் விமர்சகர் பலர் குறையாகக் கண்டாலும், மொழியை இழந்தவர்கள் மறுபடி பேசப் பழகும் தடுமாற்றமாக அதைக் கேட்பதே நியாயம்.

அந்தத் தடுமாற்றத்துக்குப் பின் வந்த தெளிவு வியப்புக்குரியது. இசைக்கலைஞர் ஜிம் ஓ’ரூர்க் உறுப்பினராக இணைந்த ‘மர்ரி ஸ்ட்ரீட்’ (2002) தொகுப்பில் கிட்டார்கள் ஒன்றையொன்று மோதி வீழ்த்துவதை விட்டு, கொடிகளைப் போலப் பின்னிக்கொண்டு நீள்கின்றன. இரைச்சல் இங்கே தாக்குதலாக ஒலிக்காமல், மெட்டு விரிந்து விரிந்து தானாகச் சென்று சேரும் வெளியாக இருக்கிறது. அத்தொகுப்பு பெற வேண்டிய கவனத்தை இன்னும் பெறவில்லை. ‘ராதர் ரிப்ட்’ (2006) தொகுப்பின் குறுகிய பாட்டுகளில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே செவியில் விழுகிறது. மூர் இக்காலத்தில் பெரிதும் நாடிய சீ, ஜீ, டீ, ஜீ, சீ, டீ என்ற சேர்க்கை, பழைய சேர்க்கைகளின் முரட்டுத்தனம் குறைந்து, திறந்த தந்திகளே இனிமையாக முழங்க இடமளிப்பது.

2007இல் குழுவினர் ‘டேட்ரீம் நேஷன்’ தொகுப்பை முழுமையாக மேடைகளில் வாசித்தார்கள். இழந்த கிட்டார்களுக்கு ஈடாக வேறு கிட்டார்களை அந்தப் பழைய சுருதிகளுக்குச் சேர்த்தாக வேண்டியிருந்தது. குழு 2011 நவம்பரில், பிரேசிலில் தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது. திருடுபோனவற்றில் சில கிட்டார்கள் மட்டும், பல ஆண்டுகள் கழித்து, ஒவ்வொன்றாக உரியவர்களிடம் திரும்பி வந்தன.