அந்த ஒரு பவுண்டு எங்கே போகிறது?

போன வருஷம் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் அரிசி, உளுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசில், ரைஃபிளில் ஸ்கோப் மாட்டும் வளையங்களை வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"அதுல நாளைக்கு உளுந்து நிறுக்கணும். துப்பாக்கி சாமானை எல்லாம் அதுல வைக்காதீங்க."

நியாயம்தான். துடைத்து வைத்துவிட்டேன். ஆனா எக்செல் ஷீட்டை மட்டும் மூடவில்லை. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரி, எடை ஒரு கட்டம், விலை ஒரு கட்டம். கீழே மொத்தம். அந்த மொத்தத்தைக் குறைப்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுக்க என் வேலை.

நான் டென்வர் பக்கம் வளர்ந்தவன். முப்பது வயது வரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒருவர்தான் எல்க் மான் வேட்டைக்கு அழைத்துப் போனார். கொலராடோவின் ஃப்ளாட் டாப்ஸ் மலைகள், 10,000 அடிக்கு மேல். இரவல் வாங்கிய ரைஃபிள், ஸ்கோப்போடு 9 பவுண்டுக்கு மேல் இருந்தது. மூன்றாம் நாள் மதியம் ஒரு சரிவில் உட்கார்ந்தவன், எழுந்து மேலே போகவே இல்லை. அன்றே முடிவு பண்ணினேன்: நம்முடையது 5 பவுண்டு ரைஃபிளாக இருக்க வேண்டும்.

முடியாத காரியமில்லை. 1980களிலேயே மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் என்பவர் கெவ்லார் கலந்த ஸ்டாக்கோடு அந்த எடையில் ரைஃபிள் கட்டிக் காட்டியிருக்கிறார். இன்று கார்பன் ஃபைபர் ஸ்டாக், டைட்டானியம் ஆக்‌ஷன், பென்சில் மாதிரி ஒல்லியான பேரல் என்று எல்லாமே விலைக்குக் கிடைக்கிறது. பணம்தான் கொஞ்சம் கூட ஆகும்.

ஒல்லியான பேரல் சீக்கிரம் சூடாகும். நாலைந்து தோட்டாவுக்குள் குண்டு படும் இடம் விலக ஆரம்பிக்கலாம். வேட்டையில் ஒரு தோட்டா, மிஞ்சிப்போனால் இரண்டு. அதனால் பரவாயில்லை என்று ஷீட்டில் டிக் போட்டேன். உதைப்பு? அதே தோட்டாவுக்கு, துப்பாக்கியின் எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் தோளில் வந்து மோதும் ஆற்றல் ஒன்றரை மடங்காகும். பள்ளிக்கூட பிசிக்ஸ்தான். அதற்கும் வழி இருக்கிறது. பேரல் முனையில் மசில் பிரேக் மாட்டினால் உதை குறையும். அங்கேயும் டிக்.

அந்த மார்ச்சில் மகளுக்கு 12 வயது முடிந்தது. இங்கே பெரிய விலங்கு வேட்டைக்கு லைசென்ஸ் வாங்கும் வயது அதுதான். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை என்னைவிட நல்ல மார்க்கில் முடித்தாள். "இந்த வருஷம் பார்க்க மட்டும் வரேன்ப்பா. அடுத்த வருஷம் நானே" என்றாள்.

அங்கேயே ஷீட்டில் இரண்டு டிக் அழிந்தது. மசில் பிரேக் உதையைக் குறைக்கும், ஆனா வெடிப்பின் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். ரைஃபிள் சத்தம் சாதாரணமாகவே 160 டெசிபலை ஒட்டி இருக்கும். 140-ஐத் தாண்டினாலே காதுக்கு ஆபத்து. பிரேக் இருந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அது இன்னும் மோசம். பக்கத்தில் படுத்திருக்கப் போவது என் மகள். அடுத்த வருஷம் அதே துப்பாக்கியின் உதை அவள் தோளில்.

ஏப்ரலில் நண்பர் தன் 5 பவுண்டு ரைஃபிளை ரேஞ்சில் சுட்டுப் பார்க்கக் கொடுத்தார். முதல் மூன்று தோட்டா அருமை. அடுத்த மூன்று எங்கெங்கோ. "பேரல் சூடாயிடுச்சு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல், தோட்டாக்களை அவரே போட்டுத் தருவதாக வாங்கிக்கொண்டார். அடுத்த தடவை ட்ரிக்கரை அழுத்தினேன். க்ளிக். வெடிமருந்து இல்லாத டம்மித் தோட்டா. ஆனா என் கண் மூடியிருந்தது. தோள் முன்னால் குலுங்கியது.

பின்னால் நின்ற மகள் சொன்னாள்: "அப்பா, அது சுடவே இல்ல. ஆனா நீங்க பயந்துட்டீங்க."

பேரல் இல்லை, நான்தான். உதை வரும் என்று உடம்பு முன்கூட்டியே பதறுகிறது. தாளில் நாலு அங்குலம் விலகினால் சிரித்துவிட்டுப் போகலாம். எல்க்கின் உடம்பில் நாலு அங்குலம் விலகினால், அது நெஞ்சில் படாமல் வயிற்றில் படும். அந்த மிருகம் காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் சாகும். மலை ஏறி மூச்சு வாங்கும்போது லேசான துப்பாக்கி நம் இதயத் துடிப்புக்கே ஆடும் என்பது வேறு.

அன்றைக்குத்தான் புரிந்தது. குறைத்த எடை காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. முதுகிலிருந்து இறங்கும் ஒரு பவுண்டு தோளுக்கோ, பக்கத்தில் இருப்பவர் காதுக்கோ, கடைசியில் அந்த மிருகத்துக்கோ போய்ச் சேருகிறது. என் ஷீட்டில் எனக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை.

ஜூனில் கட்டி முடித்தது ஸ்கோப்போடு ஏழரை பவுண்டு. ஸ்டாக் கார்பன் ஃபைபர். அதில் சமரசம் இல்லை. பேரல் நடுத்தரம். டைட்டானியம் வேண்டாம், மசில் பிரேக் வேண்டாம். பெரிய மேக்னம் தோட்டாவை விட்டுவிட்டு, உதை குறைந்த 6.5 க்ரீட்மோர். அதனால் சுடும் தூரத்தை 250 கெஜத்தோடு நிறுத்திக்கொள்வது என்று எனக்கு நானே வரம்பு வைத்தேன். மிச்ச எடையை வேறு இடத்தில் தேடினேன். பையிலிருந்து 3 பவுண்டு, என் வயிற்றிலிருந்து 8 பவுண்டு. இரண்டாவதற்கு ஒரு டாலர்கூட செலவில்லை.

வீட்டில் இன்னொரு கணக்கு இருந்தது. துப்பாக்கி உள்ளே வருவதற்கு முன் பெட்டகம் வர வேண்டும். அதுதான் மனைவியின் நிபந்தனை. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பது 2021 முதல் இங்கே சட்டம். அவளுக்குச் சட்டம் போதாது. "நம்ம பிள்ளைக்குத் தெரியும், சரி. விளையாட வர்ற பிள்ளைங்களுக்கு?" தரையோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டகம், தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு. விளையாட வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு குடும்பம் தயங்கியது. அவர்கள் வீட்டிலேயே விளையாடட்டும் என்றோம். ரைஃபிளில் ஒன்றரை பவுண்டு குறைத்தவன் வீட்டில், இரண்டு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியாத பெட்டகம்!

அக்டோபரில் இரண்டாம் நாள் காலை, ஒரு பெண் எல்க். தூரம் 190 கெஜம். மகள் காதை மூடிக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தாள். மூச்சு அடங்கும் வரை காத்திருந்தேன். ஒரே தோட்டா. முப்பது அடி நடந்து விழுந்தது. அவள் கொஞ்ச நேரம் அழுதாள். நானும் பேசவில்லை. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வேலையை ஆரம்பித்தோம்.

எலும்பு நீக்கிய கறியே நூறு பவுண்டுக்கு மேல். சரிவில் ஏறி இறங்கி நாலு நடை. அன்று சாயங்காலம் உடம்பில் வலிக்காத இடமில்லை. ஆனா அந்த ரைஃபிள் 5 பவுண்டா, ஏழரையா என்று ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

அம்மா அதில் சுக்கா வறுத்தாள். "ஆட்டுக்கறி மாதிரி இல்லடா, கொழுப்பே இல்ல, எண்ணெய் கூட ஊத்தணும்" என்றாள். மசாலாவுக்கு முன்னால் கறியை நிறுத்துப் பார்த்தது அதே தராசில்தான். இந்தத் தடவை மனைவி ஒன்றும் சொல்லவில்லை.