ரிச்சி தெருவில் ஒரு கீழ் ஸட்ஜம்

என் மாமனாருக்கு என் மேல் ஒரே ஒரு வருத்தம்தான். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"பத்திரிகைகளுக்கு எழுதறேன் மாமா."

"சரி. ஆபீஸ் எங்க?"

கல்யாணமாகி ஏழு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். பி.காம். படித்தவன் ஒரு பேங்கிலோ ஆடிட்டர் ஆபீஸிலோ உட்காராமல் வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்திருப்பது, தாலுகா ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிய மனிதருக்கு எப்படிப் புரியும்?

போன வருஷம் அத்தை காலமானார். மாமாவை மன்னார்குடியில் தனியாக விட மனசில்லாமல் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டோம். இரண்டு டிரங்குப் பெட்டியோடு வந்தார். ஒன்றில் வேட்டி சட்டை. இன்னொன்றில் அத்தையின் ரெக்கார்ட் ப்ளேயரும் நாற்பத்து மூன்று எல்.பி. தட்டுகளும். வந்த நாளிலிருந்து மனிதர் பேசியது மொத்தமும் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். சரி, பாட்டாவது போடலாம் என்று ப்ளேயரை என் ஸ்டீரியோவில் செருகினேன். கிணற்றுக்குள்ளிருந்து கொசு பாடுகிற மாதிரி கேட்டது.

விசாரித்ததில் விஷயம் இது. ரெக்கார்ட் ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். ஆயிரம் மில்லிவோல்ட் சேர்ந்தால்தான் ஒரு வோல்ட். அதை நூறு மடங்காவது பெருக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க வேண்டும். அதோடு தீரவில்லை. தட்டில் கீழ் ஸ்வரங்களை அப்படியே வெட்டினால் பள்ளம் வளைந்து பக்கத்துப் பள்ளத்தில் போய் விழும். அதனால் அவற்றைக் குறைத்துப் பதிவு செய்கிறார்கள். மேல் ஸ்வரங்களைக் கூட்டிப் பதிவு செய்கிறார்கள், தட்டின் கரகரப்பு அமுங்குவதற்காக. கேட்கும்போது இதைத் தலைகீழாகச் சரிசெய்ய வேண்டும். 1954-ல் அமெரிக்க ரெக்கார்ட் கம்பெனிகளின் சங்கம் இதற்கு ஒரு பொதுக் கணக்கு வகுத்தது. அதன்படி ஆயிரம் ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால், 20 ஹெர்ட்ஸை ஏறக்குறைய பத்து மடங்கு தூக்க வேண்டும், இருபதாயிரத்தைப் பத்தில் ஒரு பங்காக அமுக்க வேண்டும். காமர்ஸ் படித்தவர்களுக்குச் சுலபமாகச் சொன்னால் இது ஒரு பேங்க் ரீகன்ஸிலியேஷன். அங்கே கழித்ததை இங்கே கூட்டு, அங்கே கூட்டியதை இங்கே கழி. இந்த வேலையைச் செய்கிற பெட்டிக்குப் பெயர் போனோ ப்ரீஆம்ப்.

"ஆயிரம் ரூபாய்க்கு ஐ.சி. வெச்சதே கிடைக்குது மாமா. வாங்கிடலாம்" என்றேன்.

"உங்க அத்தைகிட்ட இருந்த செட் வால்வு செட்" என்றார். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். விட மனசு வரவில்லை.

வால்வுக்கு எங்கே போவது? சென்னையில் இந்தக் கேள்விக்கு ஒரே விடை, ரிச்சி தெரு.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி, கேஸினோ தியேட்டர் பக்கமாக நடந்தால் கால்கள் தானாக அங்கே போய்ச் சேரும். கால்கள்தான், வண்டி போகாது. ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற சந்துகள். எலெக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டில் டெல்லி நேரு ப்ளேஸுக்கு அடுத்தது இதுதான் என்பார்கள். தோரணமாகத் தொங்கும் வயர்கள், வெயிலிலும் மின்னும் எல்.இ.டி. பட்டைகள், சி.சி.டி.வி. கேமராக்கள், பிரித்துப்போட்ட லேப்டாப்புகள். தலையில் டி.வி. பெட்டியோடு வருகிறவர் "ஓரம், ஓரம்" என்று கத்துவார். எந்த ஓரம் என்று யோசிப்பதற்குள் பெட்டி உங்களைத் தொட்டுவிட்டுப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான ஷட்டர்கள் மூடியிருக்கும். சனிக்கிழமையும் போகாதீர்கள், ஊரே அங்கேதான் இருக்கும்.

முதல் கடைக்காரப் பையனிடம் "வால்வு இருக்கா?" என்றேன்.

"கேஸ் அடுப்புக்கா ஸார்?"

இரண்டாவது கடையில் "குழாய் கடை அந்தாண்ட" என்றார்கள். மூன்றாவது கடையில் நாலு ரெசிஸ்டன்ஸ் கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நூறா எடுத்துக்குங்க பாஸ், நாலு எண்ணித் தர நேரம் ஆவும்" என்றார். வாங்கிக்கொண்டேன். 100 கிலோ ஓம்ஸ், பிரவுன் கறுப்பு மஞ்சள். மிச்சம் தொண்ணூற்றாறு இன்றும் வீட்டில் இருக்கிறது, வேண்டுகிறவர்கள் வரலாம்.

ஆறாவது கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "மாடிக்குப் போங்க, பெரியவர் இருப்பாரு" என்று மேலே கை காட்டினார்.

மாடிப்படி ஓர் ஆள் அகலம். மேலே எட்டுக்கு எட்டு அறை. எழுபது தாண்டிய பெரியவர், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. சுற்றிலும் பழைய ரேடியோக்கள், சில கூடு இல்லாமல், சில உள்ளே எதுவும் இல்லாமல்.

"ஐயா, 12ஏஎக்ஸ்7 வால்வு ரெண்டு வேணும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உனக்கா? என்ன வயசு தம்பி?"

"முப்பத்தி நாலு."

"வால்வு உன்னவிடப் பெரிசு. மரியாதையா வெச்சுக்கோ." பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தார். பஞ்சில் சுற்றிய கண்ணாடி வால்வுகள், பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு தயாரித்த காலத்துச் சரக்கு. ரஷ்யா, சீனா, ஸ்லோவாகியா என்று புதுசு இன்னும் தயாராகிறது, ஆனால் விலை அதிகம் என்றார். இரண்டையும் மேஜையிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபயரில் செருகி, பென்ஸிலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டபிறகுதான் தந்தார். ஜோடி ஆயிரத்து அறுநூறு. பக்கத்துச் சந்தில் ட்ரான்ஸ்பார்மர் சுற்றுகிறவரிடம் சீட்டு எழுதி அனுப்பினார். 250 வோல்ட் ஒரு சுற்று, 6.3 வோல்ட் ஒரு சுற்று.

இந்த வால்வுக்குள் நடப்பது ரொம்ப எளிமை. 6.3 வோல்ட் ஓடும் ஹீட்டர் கம்பி, சுற்றியுள்ள குழாயைச் சூடாக்குகிறது. சூட்டில் எலெக்ட்ரான்கள் கிளம்பி, எதிரே ப்ளஸ் வோல்டேஜில் இருக்கும் தகட்டுக்கு ஓடுகின்றன. நடுவில் ஒரு கம்பி வலை. வலையில் துளி வோல்டேஜ் அசைந்தால், தகட்டுக்குப் போகும் கூட்டமே அசைகிறது. ஸ்கூல் வாசலில் வாட்ச்மேன் கேட்டைக் கொஞ்சம் திறந்து கொஞ்சம் மூடுவது மாதிரி. ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இப்படி இரண்டு வால்வு. இடது காதுக்கு ஒரு குடுவை, வலது காதுக்கு ஒரு குடுவை.

குழந்தை தூங்கியபிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வேலை. மூன்று வாரம் ஆனது. சால்டர் வைத்ததில் பாதி என் விரல் மேல். ஆனாலும் ஒருநாள் ஸ்விட்ச் போட்டதும் இரண்டு குடுவையிலும் மெதுவாகச் செந்நிறம் ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம். நான் ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு, இனிமேல் என்ன என்று உள்ளே கையை விட்டேன்.

உதை. ஸ்க்ரூடிரைவர் பீரோவில் போய் மோதியது, முழங்கை கட்டிலில் மோதியது. சத்தம் கேட்டு ஓடி வந்த மனைவி என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள். "நாலு வயசுப் பிள்ளை இருக்கிற வீடு" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை.

மறுநாள் பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். "ப்ளக்கைப் பிடுங்கினா? கண்டென்ஸர் 300 வோல்ட்டைக் குடிச்சிட்டுக் கம்முனு உக்காந்திருக்கும் தம்பி. அதுக்கு ப்ளக்கு தெரியுமா?" 220 கிலோ ஓம்ஸ், 2 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்று தந்தார், கண்டென்ஸருக்குக் குறுக்கே நிரந்தரமாக வைப்பதற்கு. அணைத்து ஒன்றரை நிமிஷத்தில் அத்தனையும் அதன் வழியாக இறங்கிவிடும். "அப்பவும் மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் தொடணும். கரண்ட் ஓடறப்ப அளந்தா ஒரு கை எப்பவும் பாக்கெட்ல. ரெண்டு கையும் உள்ளே போச்சுன்னா கரண்ட் நெஞ்சு வழியாப் போகும்." அன்று ராத்திரியே பெட்டிக்கு மூடி போட்டு எட்டு ஸ்க்ரூ முடுக்கினேன். மனைவி ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தாள்.

பிறகு ரெக்கார்டை வைத்தேன். பாட்டு வந்தது. அதன் அடியில் 'ம்ம்ம்ம்' என்று ஓர் உறுமலும் வந்தது. வயரை மாற்றினேன், பெட்டியைத் திருப்பினேன், ப்ளக்கைத் திருப்பினேன். போகவில்லை. மாமா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அந்தக் கடைக்கு நானும் வரேன்" என்றார்.

அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, பெட்டியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மாமனாரும் மாப்பிள்ளையுமாக ரிச்சி தெருவில் நடந்தோம். அத்தனை கூட்டத்தில் வெள்ளை வேட்டியும் கைக்குடையும் அவருக்கு மட்டும்தான். ஆச்சரியம், அவருக்கு எல்லோரும் வழிவிட்டார்கள்.

பெரியவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஐம்பதா, நூறா?" என்றார்.

விழித்தேன்.

"நூறு ஹெர்ட்ஸ்னா பவர் சப்ளை கோளாறு, கண்டென்ஸர் பத்தலைன்னு அர்த்தம். ஐம்பதுன்னா எர்த்துலயோ ஹீட்டர்லயோ கோளாறு. ட்யூப்லைட்ல பழைய சோக்கு உறுமும் பாருங்க, அது நூறு. இது அந்தச் சுருதியா, அதுக்குக் கீழயா?"

"கீழ்" என்றார் மாமா. "எங்க வீட்டு சமையல்கட்டு லைட் சோக்கு இந்தச் சுருதி." சொல்லிவிட்டு, கீழே ஆட்டோ ஹாரனும் எதிர்க் கடையில் ஸ்பீக்கர் டெஸ்ட்டும் அலறிக்கொண்டிருக்க, கண்ணை மூடி ஒரு ஸட்ஜம் பிடித்தார். "மாப்ள பெட்டியில வர்றது இதோட கீழ் ஸட்ஜம். அவ்வளவு கீழ என் தொண்டை போகாது."

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். ஐம்பதின் இரண்டு மடங்குதான் நூறு. சங்கீதத்தில் சரியாக ஒரு ஸ்தாயி. ஆயிரக்கணக்கில் மீட்டர் விற்கிற தெருவில், மீட்டர் இல்லாமல் கோளாறைச் சொன்னது என் மாமனாரின் காது.

எட்டு ஸ்க்ரூவைக் கழற்றிக் கவிழ்த்ததும் குற்றவாளி மாட்டிக்கொண்டான். பழைய ரேடியோவைப் பார்த்துக் காப்பியடித்து, ஹீட்டரின் ஒரு முனையை சேஸித் தகட்டிலேயே கட்டியிருந்தேன். 0.6 ஆம்பியர் ஏ.சி. கரண்ட் அந்தத் தகடு வழியாகத் திரும்புகிறது. ஊசியின் 5 மில்லிவோல்ட்டுக்கும் அதே தகடுதான் எர்த். அது போதாதென்று, நான் சொன்ன ரீகன்ஸிலியேஷனில் 50 ஹெர்ட்ஸுக்கு ஏழு மடங்கு தூக்கல்!

"ரேடியோவுக்கு இது போதும் தம்பி. ஊசிக்குப் போதாது" என்றார் பெரியவர். ஹீட்டருக்கு இரண்டு வயரை முறுக்கித் தனியாக ஓரமாக இழுத்து, நூறு ஓம்ஸ் ரெசிஸ்டன்ஸ் இரண்டை அதன் இரு முனையிலிருந்தும் எர்த்துக்குக் கொடுத்தார். அங்கங்கே நான் கட்டியிருந்த எர்த் எல்லாவற்றையும் பிரித்து ஒரே ஸ்க்ரூவில் சேர்த்தார். கரண்ட்டும் டபுள் என்ட்ரிதான். போனது திரும்பி வந்தாக வேண்டும், எந்த வழியாக வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல ரெசிஸ்டன்ஸ், நல்ல வால்வு எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும். இது கிடைக்காது. கூலி கேட்டேன். மாமாவைக் காட்டி, "அவரை இன்னொரு தடவை கூட்டிட்டு வா" என்றார்.

அன்று சாயங்காலம் எம்.எல்.வசந்தகுமாரி. உறுமல் போயிருந்தது. வால்யூமை முழுதாகத் திருப்பிக் காதை ஸ்பீக்கரில் ஒட்டினால் லேசாக இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஆயிரம் ரூபாய் ஐ.சி. பெட்டி இதைவிட நிசப்தமாகவே இருக்கும். நடுவில் மாமா திடீரென்று எழுந்து ப்ளேயர் பக்கத்தில் போய் நின்றார். சில விநாடிகளில் ஊசி ஒரு கீறலில் மாட்டி, அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பாடியது. சுண்டுவிரலால் மெதுவாகத் தள்ளிவிட்டார்.

"இந்த இடம் வந்தா உங்க அத்தைதான் எழுந்து போவா" என்றார். நின்றபடியே அந்தப் பக்கம் முடியும்வரை கேட்டார்.

போன வாரம் கீழ்வீட்டுக்காரர் அவரை வாசலில் பிடித்துக்கொண்டார். "உங்க மாப்பிள்ளை வீட்லயே இருக்காரே, என்ன பண்றார்?"

ஜன்னல் வழியாகக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எலெக்ட்ரானிக்ஸ் லைன்ல இருக்கார்" என்றார் மாமா. "ரிச்சி தெருவுல."

நான் திருத்தவில்லை.